தென்கிழக்கு இருட்டாக இருக்க வேண்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பால்வெளியைப் பனோரமாவாக எடுக்க முழு வழிகாட்டி

பால்வெளியை ஒற்றைப் படமாக எடுக்கும்போது ஊர் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றுவிடலாம். பக்கம் பக்கமாகப் பல படங்கள் எடுத்து ஒரே அகலப் படமாக ஒட்டும் பனோரமாவில் அதற்கு வழியில்லை. வடகிழக்கில் தொடங்கித் தென்மேற்கு வரை, வானத்தில் பாதிக்கு மேல் வளைத்துப் பிடிக்கப் போகிறோம். அதற்குள் ஏதாவது ஓர் ஊரின் வெளிச்சம் வந்தே தீரும். அது எந்த ஊர், பால்வெளி வளைவின் எந்தப் பகுதியில் அதன் வெளிச்சம் விழுகிறது என்பதை வைத்தே படம் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடலாம். கேமரா, லென்ஸ் பேச்செல்லாம் அதற்கு அப்புறம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, நீங்கள் ட்ரைபாடை விரிப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது.

நம் வானத்துக்கு உள்ள வசதி

இந்த இரண்டு மாவட்டங்களும் ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் இருக்கின்றன. பால்வெளியின் மையம் தெற்கே உச்சத்துக்கு வரும்போது நமக்கு அடிவானத்திலிருந்து 49 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனில் அது 10 பாகையைக்கூடத் தொடாது. வடக்கே துருவ நட்சத்திரத்தையும் பார்க்கிறோம், தெற்கே திரிசங்கு (தென்சிலுவை) விண்மீன் கூட்டம் 18 பாகை உயரம் வரை ஏறுவதையும் பார்க்கிறோம். பக்கத்திலேயே ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வான்காணகம் அமைந்ததற்குத் தென்வானத்தின் பெரும்பகுதி இங்கிருந்து எட்டுவதும் ஒரு காரணம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களின் தடயம் காவலூரிலும் பதிவானது. அதே வானம்தான் ஊத்தங்கரைக்கும் அரூருக்கும் மேலே இருக்கிறது. இதைப் படமெடுக்க லடாக் வரை போக வேண்டியதில்லை.

முதலில் மாதமும் மணியும்

பனோரமாவுக்கு ஏற்ற பால்வெளி என்பது தாழ்வாக, வில் போல வளைந்து கிடக்கும் பால்வெளி. உச்சந்தலைக்கு மேலே ஏறிவிட்டால் இரண்டு மூன்று வரிசையாகப் படமெடுத்து ஒட்ட வேண்டியிருக்கும், வில்லின் வடிவமும் சிதையும். வில்லின் உச்சி 20 பாகையிலிருந்து 40 பாகை சொச்சம் உயரத்துக்குள் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் நமக்கு வேண்டியது.

நம் அட்சரேகையில் அந்த நேரம் இப்படி வரும். பிப்ரவரி நடுவில் பால்வெளி மையம் அதிகாலை 2.45 வாக்கில் எழும், 4 மணியிலிருந்து 5.20 வரை எடுக்கலாம். மார்ச் 20 வாக்கில் நள்ளிரவு 12.30க்கு எழும், 2 மணியிலிருந்து 4 மணி வரை நல்ல நேரம். ஏப்ரல் 20 வாக்கில் இரவு 10.30க்கே எழுந்துவிடும், 12 மணியிலிருந்து 2 மணி வரை எடுக்கலாம். இடைப்பட்ட நாட்களுக்கு ஒரு நாளைக்கு 4 நிமிடம் என்று கழித்துக்கொண்டே வாருங்கள். இந்த நேரங்களில் வில்லின் ஒரு கால் வடகிழக்கிலும் மறு கால் தென்மேற்கிலும் ஊன்றியிருக்கும், உச்சி தென்கிழக்கில் நிற்கும்.

மே மாதம் கோடை மழை மேகங்கள் வந்துவிடும், அதன் பிறகு அக்டோபர் வரை மேகம் விலகும் இரவுகளை நம்பித்தான் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பங்குனி மாதம்தான் முதல் தேர்வு. பிப்ரவரி வானம் இன்னும் துல்லியம்தான், ஆனால் மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மலை மேல் அந்தப் பனி லென்ஸ் கண்ணாடியில் படிந்து, பாதிப் படங்களை மங்கலாக்கிவிடும்.

மைய இடத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கச் செயலி தேவையில்லை. விருச்சிகத்தில் சிவப்பாக மினுங்குவது கேட்டை. அதிலிருந்து வளைந்து இறங்கும் வாலின் நுனி மூலம். மூலத்துக்கும் அதற்குக் கிழக்கே உள்ள பூராடத்துக்கும் இடையில், சற்றே வடக்கில் இருக்கிறது நம் பால்வெளியின் மையம். பஞ்சாங்கத்தில் தினமும் படிக்கும் பெயர்களை வானத்தில் அடையாளம் காணத் தெரிந்துவிட்டால், எந்த இருட்டிலும் கேமராவை எங்கே திருப்புவது என்ற குழப்பம் வராது.

அமாவாசைக்கு முந்தைய வாரமா, பிந்தைய வாரமா

காலண்டரில் அமாவாசையைப் பார்த்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் எந்த நாளும் சரி என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் பலர். பின்னிரவில் எடுக்கப் போகிறவர்களுக்கு அது சரிவராது. தேய்பிறையின் கடைசி நாட்களில் நிலா விடிவதற்கு முன்பாக, கிழக்கில், நம் வில்லின் பக்கத்திலேயே எழும். வளர்பிறை நிலா முன்னிரவிலேயே மறைந்துவிடும். அஷ்டமி நிலாகூட நள்ளிரவு வாக்கில் இறங்கிவிடும். ஆகவே அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கி, பிந்தைய ஏழெட்டு நாட்கள் வரை உங்கள் நாட்கள். முன்னிரவில் குளிர்கால வானத்தை, அதாவது மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும் பக்கத்தை எடுப்பதென்றால் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

இன்னொன்று, பங்குனி சித்திரையில் ஊருக்கு ஊர் திருவிழா. சீரியல் லைட்டும் டியூப் லைட்டும் விடிய விடிய எரியும், தெருக்கூத்து நடந்தால் விடியும் வரை மேடை வெளிச்சம் இருக்கும். போகும் ஊரில் என்ன விசேஷம் என்று முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஊர் தன் விழாவைக் கொண்டாடட்டும், நாம் வேறு நாள் போவோம்.

இடம்

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாகச் சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலைதான் இந்தப் பகுதியின் வெளிச்சக் கோடு. பெரிய ஊர்களெல்லாம் அதில் கோர்த்தது போல இருக்கின்றன. நம் வில் தென்கிழக்கில் நிற்கிறது. எனவே இந்தச் சாலைக்குக் கிழக்கே நின்றால் வெளிச்சத்தில் பெரும்பகுதி முதுகுக்குப் பின்னால் போய்விடும். இதுதான் எளிய விதி.

சித்தேரி மலை இந்த விதிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அரூர் வடக்கே கீழே இருக்கும், தருமபுரி வடமேற்கே தொலைவில். தென்கிழக்கில் கல்வராயன் மலைத்தொடர், பெரிய ஊர் எதுவும் இல்லை. தென்மேற்கே சேலத்தின் வெளிச்சம் மட்டும் வில்லின் கால் பக்கத்தில் மஞ்சளாகத் தெரியும். அந்த ஓரத்தில் ஒரு குன்றோ மரக்கூட்டமோ வரும்படி நின்றால் அதையும் மறைத்துவிடலாம். ஊத்தங்கரைக்குக் கிழக்கே உள்ள ஏரிக்கரைகளும் நல்ல இடங்கள், ஆனால் அங்கே நேர் கிழக்கில் திருவண்ணாமலை வெளிச்சம் தாழ்வாக இருக்கும்.

ஒகேனக்கல்லைப் பலர் கேட்கிறார்கள். மேற்கே முழுக்கக் காடு என்பதால் இருட்டுதான். ஆனால் நேர் தெற்கில் மேட்டூர் இருக்கிறது. அனல் மின்நிலையமும் தொழிற்சாலைகளும் உள்ள அந்த ஊரின் வெளிச்சம் சரியாகத் திரிசங்கு நிற்கும் திசையில் எழும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் ஓசூரும் பெங்களூரும் வடக்கில், பென்னாகரமும் தருமபுரியும் தென்கிழக்கில். பெங்களூரின் வெளிச்சம் தளி வரைக்கும் வானத்தை வெளுக்க வைக்கிறது. கிருஷ்ணகிரி அணை முன்னிரவு நிலாக் காட்சிக்கு அழகு, பால்வெளிக்கு ஊர் மிக நெருக்கம்.

இணையத்தில் கிடைக்கும் ஒளிமாசு வரைபடங்களில் ஓர் இடம் எவ்வளவு இருட்டு என்று பார்க்கலாம். ஜான் போர்ட்டல் 2001இல் வகுத்த 1 முதல் 9 வரையிலான அளவை அவற்றில் பயன்படுத்துவார்கள். எண் குறைந்தால் இருட்டு அதிகம். ஆனால் அந்த எண் தலைக்கு மேலுள்ள வானத்தைத்தான் சொல்லும், அடிவானத்தைச் சொல்லாது. பனோரமாவுக்கு அடிவானமே முக்கியம் என்பதால், பகலில் ஒரு முறை நேரில் போய் திசைகாட்டியோடு நின்று பாருங்கள். தென்கிழக்கில் கல்குவாரி இருக்கிறதா, கோழிப்பண்ணை இருக்கிறதா, செல்போன் டவர் இருக்கிறதா என்று கவனியுங்கள். இரவெல்லாம் எரியும் ஒரேயொரு ஃபோகஸ் லைட் போதும், ஏழு படத்தில் மூன்று வீணாகும்.

முன்னணிக் காட்சிக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை. கரும்பாறைக் குன்றுகள், மாந்தோப்பு, தென்னை வரிசை, ஏரி மதகு, வயல் நடுவே தனியாக நிற்கும் நடுகல் எல்லாம் இருக்கின்றன. மல்லசந்திரத்தில் குன்றின் மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகளே இருக்கின்றன. அவற்றின் மேல் ஏறவோ சாயவோ, ட்ரைபாட் காலை ஊன்றவோ வேண்டாம். நடுகல்லுக்குப் பூசை நடக்கும் ஊரில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எடுங்கள்.

யானையும் மின்வேலியும்

இதைத் தாவிப் படித்துவிடாதீர்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, பென்னாகரம், மாரண்டஅள்ளிப் பக்கங்களில் இரவில் யானை நடமாட்டம் உண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். காவிரி வடக்கு, தெற்கு வன உயிரினச் சரணாலயங்கள் இரண்டும் இந்தப் பகுதியைத் தொட்டே இருக்கின்றன. வனத்துறை அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் பட்டா நிலத்தில் உரிமையாளரிடம் கேட்டு எடுங்கள்.

யானையைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, பயிரைக் காக்க நேரடி மின்சாரம் பாய்ச்சிக் கட்டும் திருட்டு மின்வேலி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. யானையைக் கொல்லும் கம்பி மனிதரை விட்டுவைக்காது. இருட்டில் வரப்பு தாண்டி, பழக்கமில்லாத வயலுக்குள் கால் வைக்கவே வேண்டாம். பகலில் பார்த்து வைத்த பாதையிலேயே போய், அதே பாதையில் திரும்புங்கள். முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், விரியன் பாம்புகள் பாறைச் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும்.

பரண் மேல் காவல் இருப்பவர்களுக்குத் தூரத்தில் அசையும் டார்ச் வெளிச்சம் யானையை விரட்ட யாரோ வருகிற அடையாளமாகவோ திருடனாகவோ தெரியலாம். "யாருங்க அது, இந்நேரத்துல இங்க என்ன பண்றீங்க?" என்று குரல் வந்தால் உடனே நின்று, "நட்சத்திரம் போட்டோ எடுக்க வந்தோங்கண்ணா, சாயந்தரமே கேட்டுட்டுதான் வந்தோம்" என்று ஊர்ப் பெரியவர் பெயரைச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல, சாயந்தரமே உண்மையில் கேட்டிருக்க வேண்டும். கேமரா திரையில் பால்வெளியைக் காட்டுங்கள். சித்தேரியில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. எந்தப் பாறையிலிருந்து எந்தப் பக்கம் தெரியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கருவிகள்

கைமுறையில் இயங்கும் எந்த கேமராவும் போதும். ஃபுல் ஃபிரேமில் 20 அல்லது 24 மி.மீ., கிராப் சென்சாரில் 14 அல்லது 16 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 அல்லது அதைவிடத் திறப்பு அதிகமானது. மிக அகலமான 14 மி.மீ. ஃபுல் ஃபிரேம் லென்ஸைவிட 24 மி.மீ. எனக்குப் பிடிக்கும். விண்மீன்கள் பெரிதாகவும் நுணுக்கமாகவும் விழும், ஒட்டும்போது ஓரங்கள் இழுபடாது.

ட்ரைபாட் கனமானதாக இருக்கட்டும். பால் ஹெட்டின் மேல் பாகை குறித்த பேனிங் கிளாம்பும், கேமராவை நெடுக்காக நிறுத்த எல் பிராக்கெட்டும் இருந்தால் வேலை பாதியாகும். முன்னணிப் பொருள் ஐந்தாறு அடிக்குள் இருந்தால் நோடல் ரெயில் வேண்டும் (திருப்பும்போது அருகிலுள்ளதும் தூரத்திலுள்ளதும் விலகாதபடி கேமராவை முன்பின் நகர்த்தி வைக்கும் தண்டு அது), தூரத்துக் குன்று மட்டும் என்றால் தேவையில்லை. ரெயிலை வீட்டு மொட்டை மாடியில் சரிபார்த்து வையுங்கள். அருகில் ஒரு கம்பி, தூரத்தில் ஒரு மின்கம்பம், இரண்டும் ஒரே கோட்டில் தெரியட்டும். கேமராவை இடமும் வலமுமாகத் திருப்பும்போது கம்பி மின்கம்பத்தை விட்டு விலகினால் கேமராவை ரெயிலில் பின்னுக்கு நகர்த்துங்கள். விலகாத இடம் வந்ததும் அங்கே பேனாவால் குறித்துவிடுங்கள்.

வானம் நகரும் வேகத்துக்குக் கேமராவையும் திருப்பும் ஸ்டார் டிராக்கர் வாங்கலாமா என்றால், பனோரமாவுக்கு முதலில் அவசியமில்லை என்பேன். நமக்குத் துருவ நட்சத்திரம் வெறும் 12 பாகை உயரத்தில், வடக்கே ஒரு குன்று இருந்தாலே மறைந்துவிடும். சீரமைப்பதிலேயே நல்ல நேரம் கழிந்துவிடும்.

மற்றபடி ரிமோட், இரண்டு பேட்டரி, சிவப்பு செலஃபேன் சுற்றிய டார்ச், லென்ஸைச் சுற்றிக் கட்ட ஹீட்டர் பட்டை. ட்ரைபாட் கால்களில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், இருட்டில் இடறாமல் இருக்கும்.

களத்தில்: மட்டமும் ஃபோகஸும்

பேனிங் கிளாம்பை ஸ்பிரிட் லெவல் பார்த்து மட்டமாக்குங்கள். இங்கே விட்டால் ஒட்டும்போது அடிவானம் அலை அலையாக வரும். கேமராவை நெடுக்காக வைத்து 25 பாகை மேல்நோக்கிச் சாயுங்கள். 24 மி.மீ. லென்ஸ் நெடுக்கில் 74 பாகையைப் பார்க்கும், ஆக அடிவானத்துக்குக் கீழே 12 பாகை நிலமும் மேலே 62 பாகை வானமும் ஒரே வரிசையில் அடங்கிவிடும். வில் தாழ்ந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்ததன் பலன் இது.

ஃபோகஸுக்கு அவசரப்படாதீர்கள். லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். பங்குனியில் தலைக்கு மேல் சுவாதி இருக்கும். லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மெதுவாகத் திருப்பும்போது பொட்டு போல இருந்த விண்மீன் சுருங்கும், அதன் விளிம்பில் ஊதா நிறம் தெரியும். இன்னும் திருப்பினால் ஊதா மறைந்து பச்சை எட்டிப் பார்க்கும். அந்த இரண்டுக்கும் நடுவே, நிறமே இல்லாமல் ஊசிமுனையாக நிற்கும் ஓர் இடம் உண்டு. அங்கே நிறுத்தி, வளையத்தின் மேல் டேப் ஒட்டுங்கள். மங்கலான வேறு விண்மீன்கள் சுற்றிலும் புதிதாகத் தெரியத் தொடங்கினால் ஃபோகஸ் சரி. ஒரு சோதனைப் படம் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூலையில் விண்மீன்களுக்குச் சிறகு முளைத்திருந்தால் அப்பர்ச்சரை அரை ஸ்டாப் குறையுங்கள்.

அமைப்பு

எல்லாமே மேனுவல். ரா வடிவம், ஒயிட் பேலன்ஸ் 4000 கெல்வின், ஐஎஸ்ஓ 3200 முதல் 6400, அப்பர்ச்சர் எஃப் 2 முதல் 2.8. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனையும், ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிடுங்கள். முன்னதை அணைக்காவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் கேமரா சும்மா நிற்கும், வானம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

500ஐ லென்ஸ் அளவால் வகுக்கும் பழைய விதிப்படி 24 மி.மீ.க்கு 20 விநாடி சொச்சம் வரும். இன்றைய சென்சார்களுக்கு அது அதிகம், விண்மீன்கள் கோடாகும். 300ஐ வகுத்தால் 12.5 விநாடி. 13 விநாடி வைத்துக்கொள்ளுங்கள். கிராப் சென்சார் என்றால் ஃபுல் ஃபிரேமுக்குச் சமமான அளவால் வகுக்க வேண்டும்.

வானத்தைச் சுற்றி எடுப்பது

24 மி.மீ. லென்ஸை நெடுக்காக வைத்தால் அகலம் 53 பாகை. ஒவ்வொரு படத்துக்கும் 30 பாகை திருப்பினால் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஒன்றோடொன்று பொருந்தும். ஏழு படத்தில் 233 பாகை கிடைக்கும், வில்லின் இரு கால்களும் ஓரத்தில் கொஞ்சம் காற்றோட்டமும் சேர்ந்து வரும். தொடங்கும் முன் கேமராவின் லென்ஸைக் கையால் மூடி ஒரு கறுப்புப் படம் எடுங்கள். பின்னால் கோப்புகளுக்கு நடுவே எந்த வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டியிருக்காது.

ஒரு சுற்று முடிய இரண்டு நிமிடம் ஆகும், அதற்குள் வானம் அரைப் பாகை நகரும். அது பிரச்சினையில்லை. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் (நாய்ஸ்) குறைய வேண்டுமானால் ஒவ்வொரு நிலையிலும் நான்கு படம் தொடர்ச்சியாக எடுத்துவிட்டு அடுத்த நிலைக்குத் திரும்புங்கள். நான்கைச் சேர்த்தால் இரைச்சல் பாதியாகும், மூன்றில் ஒரு பங்காக்க ஒன்பது வேண்டும். நான்கிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

பிறகு ட்ரைபாடை அசைக்காமல், அதே பாகைக் குறிகளில், நிலத்துக்காக இன்னொரு சுற்று. ஐஎஸ்ஓ 1600, ஒவ்வொன்றும் 90 விநாடி முதல் 2 நிமிடம். விண்மீன்கள் கோடாகும், பரவாயில்லை, இதில் வானம் நமக்கு வேண்டாம். பாறையின் வரி, மாமரத்தின் இலைக்கொத்து எல்லாம் விளக்கே இல்லாமல் இதில் எழுந்து வரும். நண்பர்களோடு போயிருந்தால் இந்தப் பதினைந்து நிமிடமும் யாரும் போனை எடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒட்டுவது

எல்லாப் படங்களுக்கும் ஒரே திருத்தம்: லென்ஸ் ஓர இருட்டை நீக்குவது, ஒரே ஒயிட் பேலன்ஸ். ஓர இருட்டு மிச்சமிருந்தால் ஒட்டிய வானத்தில் ஏழு பட்டைகள் தெரியும். கான்ட்ராஸ்ட்டைத் தொடாமல் 16 பிட் டிஃப் கோப்புகளாக எடுங்கள். ஒவ்வொரு நிலையின் நான்கு படங்களையும் விண்டோஸில் சீக்வேட்டர் கொண்டு அடுக்குங்கள், இலவசம். மேக்கில் ஸ்டாரி லேண்ட்ஸ்கேப் ஸ்டாக்கர்.

ஒட்டுவதற்குக் காசு கொடுத்தால் பிடிகுய், இலவசத்துக்கு ஹுகின். ஹுகின் தானாகவே விண்மீன்களைப் பொருத்தத் திணறினால், பக்கத்துப் படங்கள் ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்து விண்மீன்களை நீங்களே குறியுங்கள், மேலிருந்து கீழ் வரை பரவலாக. கேட்டையும் மூலமும் தெரிந்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. நிலத்தின் மேல் விழுந்த குறிகளை நீக்கிவிடுங்கள், வானம் நகர்ந்திருக்கிறது, நிலம் நகரவில்லை, இரண்டையும் சேர்த்தால் எதுவும் பொருந்தாது. முதலில் நிலைகளை மட்டும் சரிசெய்ய விட்டு, பிறகு லென்ஸ் அளவுகளையும் சேருங்கள்.

புரொஜெக்ஷனுக்கு சிலிண்ட்ரிக்கல் அல்லது ஈக்விரெக்டாங்குலர். வில் சீராக வளைந்து, அடிவானம் நேராகும் வரை பிட்ச், ரோல் அளவுகளை நகர்த்துங்கள். அதே அமைப்பை டெம்ப்ளேட்டாக நிலப் படங்களுக்கும் பயன்படுத்துங்கள், பாகைக் குறிகள் ஒன்றே என்பதால் பொருந்திவிடும். இரண்டையும் ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ அடுக்கி, குன்றின் விளிம்பை ஒட்டி மாஸ்க் போடுங்கள்.

நிறத்தில் கை அடக்கம் வேண்டும். அடிவானத்துக்கு மேல் மெல்லிய பச்சைப் பட்டைகள் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் தாமே ஒளிர்வது அது, நம் வானத்தின் உண்மையான நிறம். சேலத்தின் மஞ்சளை அந்தப் பகுதியில் மட்டும் கொஞ்சம் தணிக்கலாம். முழுவதும் துடைத்தால் அந்த இடம் செத்துப்போகும். பால்வெளியை ஊதாவாகவும் நீலமாகவும் மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை. மையப் பகுதி இளமஞ்சள், அதுவே அழகு.

கடைசியாக, நூறு சதவீத அளவில் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒட்டிய இடங்களில் விண்மீன்கள் இரட்டையாகத் தெரிந்தால் அந்த இரண்டு படங்களின் குறிகளை மட்டும் திருத்தினால் போதும். 24 மெகாபிக்ஸல் கேமராவில் இந்தப் பனோரமா ஏறத்தாழ 16,000 பிக்ஸல் அகலம் வரும். அங்குலத்துக்கு 200 பிக்ஸல் என்று அச்சிட்டால் 80 அங்குலம், ஆறரை அடிச் சுவருக்குப் போதும். அச்சில் இருட்டு இன்னும் இருட்டாகும் என்பதால், மூலம் விண்மீனைச் சுற்றிய பகுதியையும் நிலத்தின் ஓர் ஓரத்தையும் சேர்த்து ஒரு சாணளவு சோதனைப் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். அதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, நிலத்தின் நிழல்களைத் தேவையான அளவு தூக்கிய பிறகு முழு அளவுக்கு ஆர்டர் கொடுங்கள்.